பழைய எண், புதிய எண்

1990-களின் தொடக்கத்தில் கணினி பழுது பார்த்தவர்களிடம் கேட்டால் இப்படி ஒரு கோளாறைச் சொல்வார்கள். 386 பிராசஸர் கொண்ட நல்ல கணினி. ஸ்கஸி கார்டு ஒன்றின் வழியாக இணைத்த பெரிய ஹார்ட் டிஸ்க். எம்எஸ்-டாஸ் 5 இயங்குதளம். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நினைவகத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் பிடிக்கலாமே என்று, கணினி எழும்போது டாஸ் படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் இரண்டு வரி சேர்த்தார்கள். கணினி மறுபடி எழுந்து வந்தது, இடமும் கூடியிருந்தது. மறுநாள் ஒரு கணக்குக் கோப்பைத் திறந்தால் நடுவில் குப்பை. இன்னொரு நிரல் பாதியில் உறைந்து நின்றது. நேற்று நகலெடுத்த கோப்பு அளவில் சரியாக இருந்தது. உள்ளே இருந்ததோ வேறு.

ஹார்ட் டிஸ்கை மாற்றினார்கள். கோளாறு போகவில்லை. அதே மாதிரி வேறொரு கார்டைச் செருகிப் பார்த்தார்கள். அப்போதும் போகவில்லை. நினைவகச் சில்லுகளைச் சோதித்தால் ஒரு பைட் கூடப் பழுதில்லை. சேர்த்த இரண்டு வரிகளை எடுத்ததும் எல்லாம் பழையபடி சரியாகிவிட்டது. அந்த வரிகள் அழைத்த நிரலில்தான் பிழையோ என்றால், அதே நிரல் பக்கத்து மேசைக் கணினியில் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

தனித்தனியே பார்த்தால் எந்தப் பாகத்திலும் குற்றமில்லை. எல்லாம் ஒன்றுசேர்ந்தால் தரவு அழிகிறது. இந்தப் புதிரின் விடை, கணினி அறிவியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த விடைகளில் ஒன்று. ஒரே முகவரி பிராசஸருக்கு ஓர் இடத்தையும் டிஸ்க் கார்டுக்கு இன்னோர் இடத்தையும் குறித்தது. இருவரும் உண்மையே பேசினார்கள். ஆனால் பேசியது இரண்டு வெவ்வேறு ஊர்களைப் பற்றி.

அது எப்படி நேர்ந்தது என்று புரிய 20 கம்பிகளிலிருந்து தொடங்க வேண்டும். இன்டெல் 1978-இல் வெளியிட்ட 8086 சிப்பும், அடுத்த ஆண்டு வந்த 8088 சிப்பும், நினைவகத்தில் எந்த இடம் வேண்டும் என்பதை 20 கம்பிகள் வழியாகச் சொல்லின. ஒவ்வொரு கம்பியிலும் 0 அல்லது 1. இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576. அத்தனை முகவரிகள்தாம், அதாவது 1,024 கிலோபைட். அதற்கு மேல் ஓர் இடத்தைச் சொல்ல அந்தச் சிப்புக்கு வழியே இல்லை.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை 8088 சிப்பை வைத்து வெளியிட்டபோது, இந்த 1,024 கிலோபைட் நீளத் தெருவை இரண்டாகப் பிரித்தது. கீழேயிருந்து 640 கிலோபைட், இயங்குதளத்துக்கும் நிரல்களுக்கும். மேலே மிஞ்சிய 384 கிலோபைட், வன்பொருளுக்கு. திரையில் தெரியும் எழுத்துகளும் படங்களும் 640-ஆவது கிலோபைட்டிலிருந்து தொடங்கும் பகுதியில் குடியேறின. கணினியை எழுப்பும் நிரலைத் தாங்கிய ரோம் சில்லு உச்சியில் இடம் பிடித்தது. 1983-இல் வந்த எக்ஸ்டி மாடலில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்கும் சேர்ந்தபோது, அதன் கார்டில் இருந்த ரோம் 800-ஆவது கிலோபைட்டில் வீடு கட்டிக்கொண்டது.

இந்த 640 போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு வாசகம் இன்றும் சுற்றி வருகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது, அவரே மறுத்திருக்கிறார். ஐபிஎம் பொறியாளர்களைக் கஞ்சத்தனம் செய்தார்கள் என்று பழிப்பதும் நியாயம் இல்லை. அந்த முதல் கணினியின் விலை குறைந்த வடிவத்தில் இருந்த நினைவகம் 16 கிலோபைட். அவர்கள் ஒதுக்கிய இடம் அதைப்போல் 40 மடங்கு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும், கதை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. முகவரி வேறு, நினைவகம் வேறு. மேலே உள்ள 384 கிலோபைட் தெருவில் கதவு எண்கள் எல்லாம் வரிசையாக உண்டு. ஆனால் பல எண்களுக்கு வீடே கிடையாது. எந்தச் சில்லும் பதில் சொல்லாத வெற்று மனைகள். எந்த மனையில் யார் வீடு கட்டுவார் என்பது, அந்தக் கணினிக்குள் என்னென்ன கார்டு செருகியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதைப் பதிவு செய்து வைக்க அந்நாளில் பட்டா அலுவலகம் எதுவும் இல்லை. கார்டு செய்தவர் தானாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். வேறொருவரோடு மோதினால் இடம் மாற்றிக்கொள்ளக் கார்டிலேயே சின்ன ஜம்பர்கள் வைத்தார்.

இதற்கிடையே 640 கிலோபைட் கீழ்த்தெருவில் நெரிசல் கூடத் தொடங்கியது. டாஸ் தனக்குத் தெரியாத ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டிரைவர் கேட்டது. மவுஸுக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, சிடி-ரோமுக்குக் கார்டின் டிரைவர் ஒன்றும் அதன்மேல் எம்எஸ்சிடெக்ஸ் என்ற இன்னொன்றும். டிஸ்கை விரைவாக்க ஸ்மார்ட்டிரைவ். 1993-இல் வந்த எம்எஸ்-டாஸ் 6-இல் டபுள்ஸ்பேஸ் என்ற சுருக்கும் வசதியைப் போட்டுக்கொண்டால் அதற்கு மட்டும் 40 கிலோபைட்டுக்கு மேல். எல்லாம் அந்த 640-க்குள்ளிருந்துதான். கணினிக்குள் 4 மெகாபைட், 8 மெகாபைட் நினைவகச் சில்லுகள் வாங்கிப் போட்டிருப்பார்கள். விளையாட்டோ, விரிதாள் நிரலோ "போதிய நினைவகம் இல்லை" என்று திருப்பி அனுப்பும். 8 மெகாபைட் வைத்திருந்தவர் 10 கிலோபைட்டுக்குத் திண்டாடிய காலம் அது.

ஆகவே எல்லோர் கண்ணும் மேல்தெருவின் வெற்று மனைகள்மேல் விழுந்தது. அங்கே டிரைவர்களைக் குடியேற்ற முடிந்தால் கீழே இடம் விடுபடும். ஆனால் வீடில்லாத எண்ணில் யாரைக் குடிவைப்பது?

அதற்கு வழி திறந்தது இன்டெல் 1985-இல் வெளியிட்ட 80386. இந்தச் சிப் நிரல் கேட்கும் முகவரியை அப்படியே கம்பிக்கு அனுப்ப வேண்டியதில்லை. நடுவில் ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளலாம். நினைவகம் முழுவதையும் 4 கிலோபைட் பக்கங்களாக அது பிரிக்கும். நிரல் இந்தப் பக்கத்தைக் கேட்டால் அந்தப் பக்கத்தைக் கொடு என்று அட்டவணையில் எழுதி வைக்கலாம். பழைய 8086 நிரல்களை அவற்றுக்கே தெரியாமல் இந்த அட்டவணைக்கு உட்படுத்தி ஓட்ட, வர்ச்சுவல் 8086 என்று ஒரு தனி நிலையும் அதில் இருந்தது. தான் பழைய சிப்பில் ஓடுவதாகவே நிரல் நம்பும். அது சொல்லும் ஒவ்வொரு முகவரியையும் 386 வழியில் மாற்றிவிடும்.

இதைப் பயன்படுத்தி மெமரி மேனேஜர்கள் வந்தன. குவார்ட்டர்டெக் நிறுவனத்தின் க்யூஇஎம்எம், குவாலிடாஸ் நிறுவனத்தின் 386மேக்ஸ், பிறகு மைக்ரோசாஃப்டின் இஎம்எம்386. இவை செய்த வேலையைச் சொன்னால் எளிது. செய்து காட்டிய அன்று அது வித்தை போல இருந்திருக்கும். 1,024 கிலோபைட்டுக்கு அப்பால், டாஸுக்கு எட்டாத தொலைவில் கிடந்த நினைவகத்திலிருந்து சில பக்கங்களை எடுத்து, மேல்தெருவின் வெற்று மனை எண்களுக்குச் சூட்டிவிட்டன. நிரல் 832-ஆவது கிலோபைட் என்று சொன்னால், 386-இன் அட்டவணை அதை எங்கோ மூன்றாவது மெகாபைட்டில் இருக்கும் உண்மையான சில்லுக்குத் திருப்பிவிடும். 1990-இல் டிஆர்-டாஸ் 5-ம், 1991 ஜூனில் எம்எஸ்-டாஸ் 5-ம் இந்த வசதியை இயங்குதளத்தோடேயே கொடுத்தன. எம்எஸ்-டாஸில் இஎம்எம்386-ஐ அழைத்து மேல்தெருவைத் திறக்கும் இரண்டு வரிகளைக் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் சேர்த்துவிட்டு, 'டிவைஸ்' என்றிருந்த சொல்லை 'டிவைஸ்ஹை' என்று மாற்றினால், டிரைவர் மேலே ஏறிவிடும். நாம் தொடக்கத்தில் பார்த்த வரிகள் அந்த இரண்டுதாம்.

சென்னையில் முகவரி தேடி அலைந்தவர்களுக்கு இதன் ஆபத்து உடனே புரியும். வாசலில் இரண்டு எண் எழுதியிருப்பார்கள்: பழைய எண் 12, புதிய எண் 27. நான்கு வீடு தள்ளிப் போனால் இன்னொரு வாசலில் பழைய எண் 27. நீங்கள் வெறுமனே 27 என்று சொல்லிப் பொருளை அனுப்புகிறீர்கள். கொண்டுபோகிறவருக்குப் பழைய எண் மட்டும்தான் தெரியும் என்றால் பொருள் எங்கே போய்ச் சேரும்? அவர் நேர்மையாகத்தான் கொடுத்துவிட்டு வருவார். வாங்கியவர் யார் என்பது மட்டும் வேறாகிவிடும்.

386-இன் அட்டவணை புதிய எண்களைக் கொடுத்தது. அந்த அட்டவணை பிராசஸருக்குள் மட்டுமே இருந்தது. தெருவில் இருந்த மற்றவர்களுக்கு அது தெரியாது.

இதில் எழுந்த தகராறுகளில் எளிதானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெற்று மனை என்று நினைத்த இடத்தில் உண்மையில் ஒரு வீடு இருந்துவிட்டால்? மெமரி மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு இடம் பிடிப்பதில்லை. ரோம் சில்லு இருக்கிறதா என்று 2 கிலோபைட்டுக்கு ஒரு தடவை நின்று பார்க்கும். கார்டுகளில் உள்ள ஒவ்வொரு ரோமும் இரண்டு குறிப்பிட்ட பைட்டுகளோடு தொடங்க வேண்டும் என்பது ஐபிஎம் வகுத்த வழக்கம். அவற்றைப் பிட்டுகளாக எழுதினால் முதலாவது 01010101, இரண்டாவது 10101010. வெற்று மனையில் தற்செயலாக வரவே வாய்ப்பில்லாத அழகான கோலம். மூன்றாவது பைட், அந்த ரோம் எவ்வளவு நீளம் என்று 512 பைட் அளவுகளில் சொல்லும். ஆக, வாசலில் கோலம் கண்டால் ஆள் இருக்கிறார், விலகிப் போ.

எல்லாக் கார்டும் வாசலில் கோலம் போடவில்லை. சில நெட்வொர்க் கார்டுகளில் ரோம் இராது. சிறிய நினைவகத் துண்டு மட்டும் இருக்கும். அதுவும் டிரைவர் வந்து எழுப்பும்வரை ஊமையாக இருக்கும். கணினி எழும்போது இஎம்எம்386 பார்த்தால் மனை வெறுமை. இடம் பிடித்துக்கொள்ளும். பத்து வினாடி கழித்து டிரைவர் வந்து தன் கார்டை அதே எண்ணில் கூப்பிட்டால், பதில் சொல்வது கார்டு அல்ல, இஎம்எம்386 கொண்டுவந்து வைத்த சாதாரண நினைவகம். டிஸ்க் கார்டுகளிலும் இது உண்டு. ரோம் பகுதியின் ஒரு மூலையைக் கட்டளைகள் வாங்கும் வாசலாக வைத்திருந்த கார்டுகளில், ரோமின் நீளத்தை மட்டும் நம்பினால் அந்த மூலை காலி மனையாகத் தோன்றிவிடும்.

இதற்கு மருந்து, இன்னின்ன எண்ணைத் தொடாதே என்று இஎம்எம்386 வரியில் எழுதி வைப்பது. அடாப்டெக் நிறுவனத்தின் ஏஹெச்ஏ-1542 என்ற ஸ்கஸி கார்டு அந்நாளில் பலருக்கும் பழக்கம். அதன் ரோம் வழக்கமாக 880-ஆவது கிலோபைட்டில் அமரும். அந்தக் கார்டு வைத்திருந்தவர்களின் கான்ஃபிக்.சிஸ் கோப்புகளில் 880 முதல் 896 வரையான பகுதியை விலக்கும் ஒரு குறிப்பைப் பார்க்கலாம்.

அதே கார்டுதான் நம் புதிரின் நடுவிலும் இருக்கிறது.

ஹார்ட் டிஸ்கிலிருந்து ஒரு கோப்பைப் படிக்கும்போது தரவு நினைவகத்துக்கு எப்படி வருகிறது? மூன்று வழிகள். 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி மாடலில் பிராசஸரே கூலியாள் வேலையும் பார்த்தது. டிஸ்க் கார்டின் வாசலில் நின்று இரண்டிரண்டு பைட்டாக வாங்கி நினைவகத்தில் வைத்தது. பிறகு பெருவழக்கான ஐடிஇ டிஸ்குகளும் டாஸில் இப்படித்தான் இயங்கின. பிராசஸரே கொண்டுபோய் வைப்பதால் அதன் அட்டவணைப்படியே, அதாவது புதிய எண்ணின்படியே தரவு போய்ச் சேரும். சிக்கலே இல்லை. பக்கத்து மேசைக் கணினி குறையில்லாமல் ஓடியது இதனால்தான். அதில் இருந்தது ஐடிஇ டிஸ்க்.

இரண்டாவது வழி, தாய்ப்பலகையில் உள்ள டிஎம்ஏ சில்லு. பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தானே தரவைச் சுமந்துபோகும். ஃப்ளாப்பி டிஸ்க் இதைத்தான் நம்பியிருந்தது. இந்தச் சில்லுக்கு அட்டவணை தெரியாது என்பது உண்மையே. ஆனால் எங்கே கொண்டுபோக வேண்டும் என்று அதற்குச் சொல்ல நிரல் குறிப்பிட்ட போர்ட்டுகளில் எழுதியாக வேண்டும். 386 அந்தப் போர்ட்டுகளைக் கண்காணிக்க முடியும். நிரல் புதிய எண்ணை எழுதினால், இஎம்எம்386 இடையில் புகுந்து பழைய எண்ணாக மாற்றி எழுதிவிடும். இங்கேயும் தப்பித்தோம்.

மூன்றாவது வழிதான் வினை. பஸ் மாஸ்டர் என்பார்கள். கார்டிலேயே தனி மூளை இருக்கும். ஏஹெச்ஏ-1542 அந்த வகை. டிரைவர் நினைவகத்தில் ஒரு சின்னக் கடிதம் எழுதி வைக்கும்: "டிஸ்கின் இந்தப் பகுதியைப் படித்து இந்த முகவரியில் போடு." கார்டு தானே வந்து கடிதத்தைப் படித்து, தானே தரவைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, முடிந்தது என்று மணியடிக்கும். பிராசஸர் அதற்குள் வேறு வேலை பார்க்கலாம், வேகமும் மிகுதி. ஆனால் கடிதம் சாதாரண நினைவகத்தில் எழுதப்படுவதால், அதில் உள்ள எண்ணை இடைமறித்து மாற்ற இஎம்எம்386-க்கு வாய்ப்பே இல்லை. கார்டு அட்டவணையைப் பார்ப்பதும் இல்லை. கடிதத்தில் உள்ள எண்ணை அப்படியே கம்பியில் ஏற்றும்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். மேலே ஏற்றப்பட்ட ஒரு டிரைவர், தரவு வந்து இறங்கும் தன் தாங்கி இடத்தை (பஃபரை) 832-ஆவது கிலோபைட்டில் வைத்திருக்கிறது. டிஸ்கிலிருந்து படி என்கிறது. கார்டு 832-க்குத் தரவைக் கொண்டுபோகிறது. கம்பிகளின் உலகில் அங்கே வீடே இல்லை. தரவு வெற்றிடத்தில் கொட்டி மறைகிறது. கார்டு மணியடிக்கிறது: முடிந்தது, பிழை இல்லை. டிரைவர் தன் 832-ஐத் திறந்து பார்க்கிறது. அது மூன்றாவது மெகாபைட்டில் உள்ள சில்லு. முன்பு என்ன கிடந்ததோ அதுவே இன்னும் கிடக்கிறது. அதைத்தான் கோப்பு என்று நம்பி நிரலிடம் கொடுக்கிறது.

படிக்கும்போது நேர்ந்தால் இவ்வளவோடு போகும். மறுபடி இயக்கிப் படித்துக்கொள்ளலாம். எழுதும்போது நேர்ந்தால் கதை கொடியது. நிரல் தன் கணக்கை 832-இல் வைத்து, டிஸ்கில் எழுது என்கிறது. கார்டு வீடில்லாத மனைக்குப் போய், அங்கே கம்பிகளில் கிடைத்ததை, பெரும்பாலும் வெறும் 1-களின் வரிசையை, அள்ளிக்கொண்டு போய் டிஸ்கில் பதித்துவிடுகிறது. கோப்பின் அளவு சரி, தேதி சரி, பிழைச் செய்தி எதுவும் இல்லை. உள்ளே எதுவும் இல்லை.

ஏன் இது எப்போதும் நிகழாமல் எப்போதாவது நிகழ்ந்தது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. கீழ்த்தெருவின் 640 கிலோபைட்டில் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றே. அட்டவணை அங்கே எதையும் மாற்றுவதில்லை. தரவு கீழே இறங்கினால் எல்லாம் நலம். மேலே ஏறிய தாங்கி இடத்துக்குப் போகும்போது மட்டுமே கேடு. எந்த நிரல் எப்போது மேலே உள்ள இடத்தைத் தொடும் என்பது ஓடும் நிரல்களைப் பொறுத்தது. பழுது பார்த்தவர்களை வாரக்கணக்கில் அலையவிட்டது இந்த ஒழுங்கின்மைதான். கெட்டுப்போன டிஸ்கும் இப்படித்தான் எப்போதாவது தவறும். ஆகவே எல்லோரும் டிஸ்கைச் சந்தேகித்தார்கள்.

கண்டுபிடித்த மருந்து மிகவும் எளியது, எளியதாக இருப்பதாலேயே எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம். 1992-இல் விண்டோஸ் 3.1-உடன் வந்த ஸ்மார்ட்டிரைவில் 'டபுள் பஃபர்' என்ற குறிப்பு இருந்தது. கான்ஃபிக்.சிஸ் கோப்பில் அதைப் போட்டால், இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கும் கீழ்த்தெருவில் ஸ்மார்ட்டிரைவ் ஒரு சிறு திண்ணையைக் கட்டிவைக்கும். கார்டு எதையும் நேரே மேலே கொண்டுபோக வேண்டாம். திண்ணையில் வைத்தால் போதும். அங்கிருந்து பிராசஸர் தானே எடுத்து, தன் அட்டவணைப்படி, போக வேண்டிய வீட்டில் சேர்க்கும். ஒரு தடவை நகலெடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு தடவை. கொஞ்சம் வேகம் போகும், தரவு பிழைக்கும். இந்தத் திண்ணையை மட்டும் மேலே ஏற்றக் கூடாது. ஏற்றினால் அது இருப்பதற்கே பொருள் இல்லை. ஸ்மார்ட்டிரைவ் கட்டளையை வெறுமனே கொடுத்தால், ஒவ்வொரு டிரைவுக்கும் திண்ணை தேவையா இல்லையா என்று திரையில் ஒரு நெடுவரிசையில் காட்டவும் செய்யும்.

முறையான தீர்வும் வந்தது. விடிஎஸ் என்று பெயர். கார்டின் டிரைவர் கடிதம் எழுதும் முன் மெமரி மேனேஜரைக் கூப்பிட்டு, "இந்தப் புதிய எண்ணுக்குப் பழைய எண் என்ன?" என்று கேட்டு எழுதுவதற்கான ஒப்பந்தம். கேட்க ஆள் இருக்கிறாரா என்பதை அறிய நினைவகத்தின் அடிவாரத்தில் ஒரே ஒரு பிட்டை ஒதுக்கியிருந்தார்கள். அது 1 என்றால் கேள்; 0 என்றால் கேட்க ஆள் இல்லை. டிரைவரும் கார்டின் ரோமும் இந்த ஒப்பந்தம் அறிந்தவையாக இருந்தால் திண்ணையே வேண்டாம். பழைய ரோம் கொண்ட கார்டுகளுக்குத் திண்ணைதான் கடைசிவரை துணை.

இன்னொரு கோளாறையும் சொல்லாமல் விட மனமில்லை. இதிலும் முகவரிதான் குற்றம், ஆனால் எதிர்த் திசையில். 20 கம்பிகளுக்கு அப்பால் போகும் ஓர் எண்ணை 8088-இடம் கொடுத்தால், அது மேலே போக முடியாமல் சுற்றிக்கொண்டு தெருவின் முதல் வீட்டுக்கு வந்து நிற்கும். சில நிரல்கள் இந்தச் சுற்றலை அறிந்தோ அறியாமலோ நம்பியிருந்தன. ஏடி மாடலில் இருந்த 80286-க்கு 24 கம்பிகள். அங்கே எண் சுற்றாது, நேரே மேலே போய்விடும். பழைய நிரல்கள் கெடாமல் இருக்க, 21-ஆவது கம்பியை வேண்டும்போது அடைத்துவைக்க ஐபிஎம் ஒரு கதவு போட்டது. அந்தக் கதவின் சாவியைக் கொடுக்கக் கிடைத்த இடம், கீபோர்டைக் கவனிக்கும் சிப்பில் மிஞ்சிக் கிடந்த ஒரு பின். நினைவகத்தின் கதவைக் கீபோர்டுச் சிப் திறந்து மூடியது.

எம்எஸ்-டாஸ் 5 அந்தக் கதவைத் திறந்து வைத்து, 1,024 கிலோபைட்டுக்கு மேலே கிடைத்த 65,520 பைட் இடத்தில் தன்னையே பெரும்பகுதி ஏற்றிக்கொண்டது. கீழே தாராளமாக இடம் விடுபட்டது. அதுவரை டாஸும் டிரைவர்களும் அடைத்துக்கொண்டிருந்த முதல் 64 கிலோபைட்டுக்குள் இப்போது நிரல்கள் வந்து அமர்ந்தன. உடனே சில நிரல்கள், சுருக்கிக் கட்டிய கோப்பு கெட்டுவிட்டது என்று பொருள்படும் செய்தியோடு நின்றன. கோப்பு கெடவில்லை. அதைப் பிரிக்கும் சிறு நிரல், மிகத் தாழ்வான இடத்தில் ஏற்றப்பட்டால் அந்தப் பழைய சுற்றலை நம்பியது. கதவு திறந்திருந்ததால் சுற்றல் நிகழவில்லை. மைக்ரோசாஃப்ட் தந்த தீர்வு லோட்ஃபிக்ஸ் என்ற கட்டளை. அது செய்வது, முதல் 64 கிலோபைட்டை வேண்டுமென்றே அடைத்துவிட்டு நிரலை அதற்கு மேல் ஏற்றுவது. இடம் போதவில்லை என்று பத்தாண்டு போராடியவர்கள், இடம் மிகுந்துபோனதற்கும் ஒரு கட்டளை எழுத வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட கோளாறைப் பிடிப்பது எப்படி? அந்நாள் கைதேர்ந்தவர்கள் ஊகிப்பதில்லை, ஒவ்வொன்றாக விலக்குவார்கள். எம்எஸ்-டாஸ் 6-இல் கணினி எழும்போது எஃப்5 விசையை அழுத்தினால் கான்ஃபிக்.சிஸ் முழுவதையும் ஒதுக்கிவிட்டு எழும். எஃப்8 அழுத்தினால் ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு ஏற்றும். மெமரி மேனேஜர் இல்லாமல் கோளாறு மறைந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து மேல்தெரு முழுவதையும் தொடாதே என்று விலக்கிவிட்டு அதே இஎம்எம்386-ஐ ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்போது சரியானால் எங்கோ ஒரு மனையில் மோதல், அல்லது மேலே ஏறிய தாங்கி இடம். எந்த மனை? 384 கிலோபைட்டில் 4 கிலோபைட் பக்கங்கள் 96. ஒவ்வொன்றாகத் தேடினால் நாள் போய்விடும். பாதியை விலக்கிப் பார். கோளாறு எந்தப் பாதியில் என்று தெரிந்ததும் அதில் பாதி. மோதல் ஒரே பக்கத்தில் என்றால் அதிகம் போனால் ஏழு தடவையில் பிடித்துவிடலாம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை மாற்றிவிட்டுச் சரியானால், எது சரி செய்தது என்று தெரியாமல் போகும்.

டாஸ் போனதோடு இந்தப் புதிர் ஒழிந்துவிடவில்லை. இன்றைய கணினிகளில் எல்லா நிரலும் அட்டவணை வழியாகத்தான் நினைவகத்தைப் பார்க்கிறது. டிஸ்க், நெட்வொர்க், கிராஃபிக்ஸ் கார்டுகள் எல்லாம் பஸ் மாஸ்டர்கள். ஆகவே கார்டுகளுக்கும் தனி அட்டவணை வேண்டியதாயிற்று. இன்டெல் விடி-டி என்றும் ஏஎம்டி-விஐ என்றும் வழங்கும் ஐஓஎம்எம்யு அதுதான். கார்டு சொல்லும் எண்ணையும் வழியில் மாற்றிக் கொடுக்கிறது. 1992-இன் திண்ணையும் இன்னும் இருக்கிறது. எல்லா முகவரிகளையும் எட்ட முடியாத கருவிகளுக்காக லினக்ஸ் கர்னல் தாழ்வான இடத்தில் ஒரு தாங்கி இடம் வைத்து, அதன் வழியாக நகலெடுத்துக் கொடுக்கிறது. பவுன்ஸ் பஃபர் என்று பெயர்; வேலை அதே வேலை.

பழைய 386, 486 கணினிகளை எழுப்பிப் பேணி வருவோர் இன்றும் பலர். அவர்களுக்குக் கைகொடுக்கும், 1994-இல் தொடங்கிய ஃப்ரீடாஸ் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதில் வரும் ஜெம்386 என்ற மெமரி மேனேஜர் விடிஎஸ் ஒப்பந்தத்தையும் அறிந்தது. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு கணினி இருந்து, அதை எழுப்பும்போது கோப்புகளில் குப்பை தெரிந்தால், ஒரு வேண்டுகோள். டிஸ்கைத் திருத்தும் செக்டிஸ்க், ஸ்கேன்டிஸ்க் போன்ற எந்த நிரலையும் உடனே ஓட்டாதீர்கள். முகவரிதான் தவறு என்றால் அந்த நிரலும் அதே தவறான வழியாகத்தான் டிஸ்கைப் படிக்கும், அதே வழியாகத்தான் எழுதும். அதுவரை நலமாக இருந்த கோப்புகளை அது அழித்துவிடக்கூடும். முதலில் மெமரி மேனேஜர் ஏதும் இல்லாத ஒரு ஃப்ளாப்பியிலிருந்து கணினியை எழுப்பி, அந்தக் கோப்பை மறுபடி திறந்து பாருங்கள்.